எதிர்பாராதது: நானூறு ரூபாய்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.50. மெல்லிய சாரல், மலைப்பக்கம் கறுத்திருந்தது. பெங்களூரிலிருந்து ஆறு பேர் குற்றாலத்திலுள்ள எங்கள் விடுதிக்கு வருவதாக இருந்தது. இணையதளம் வழியாக எங்களுக்கு வந்த முதல் பதிவு அது. போன் அடித்தது.

"சார், குத்தாலம் வந்துட்டோம். அருவி எந்தப் பக்கம்? இங்க கேட்டா சிரிக்கிறாங்க."

பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். வயலும் காவிரி வாய்க்காலும் என்றார். அவர்கள் நின்றது மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலத்தில். நானூறு கிலோமீட்டர் தள்ளி.

எங்களுக்கு ஆறே அறைகள். மூன்று மாதச் சாரலில் வருவதை வைத்துத்தான் பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். முந்தைய ஆண்டு பழைய வாடிக்கையாளர்களில் ஒன்பது குடும்பங்கள் வரவில்லை. எல்லாரும் போனிலேயே பார்த்து வேறு இடத்தில் தங்கிவிட்டார்கள். அதனால்தான் தென்காசியில் இணையதளம் செய்துதரும் பெண்ணிடம் போனேன். திட்டத்தை நானே எழுதினேன். பெயர்ப் பதிவு 900, சர்வர் வாடகை 3,200, பக்கங்கள் 11,000, படங்கள் 2,000, எதிர்பாராதது 400. மொத்தம் 17,500. அதைப் படித்துவிட்டு என் மனைவி, "எதிர்பாராதது நானூறு ரூவாயைத் தாண்டாதோ?" என்று கேட்டாள்.

முகவரியை நான் வாயால் சொன்னேன், அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். நாங்கள் எழுதும்போதுதான் குற்றாலம், பேச்சில் எப்போதும் குத்தாலம்தான். அவளும் இந்த ஊர்க்காரி. காதில் விழுந்ததை அப்படியே ஆங்கிலத்தில் அடித்து, வரைபடம் முதலில் காட்டிய ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். "மேப்பை மட்டும் ஒரு தடவ அமுக்கிப் பாத்துருங்க சார்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நான் பக்கங்களை ஏழு தடவை படித்தேன், நான்கு எழுத்துப் பிழைகள் பிடித்தேன். வரைபடத்தை மட்டும் தொடவில்லை. தெரியாமல் எதையாவது அமுக்கினால் வங்கியிலிருந்து பணம் போய்விடுமோ என்று பயம்.

அன்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வேனுக்கு ஆகும் கூடுதல் செலவு என்னுடையது, அறைக்கு வாடகை வேண்டாம், எப்படியாவது வந்துவிடுங்கள் என்றேன். "பாக்கலாம்" என்று அவர் போனை வைத்தார். மாலை வரை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். வராமல் திரும்பிப்போய் இணையத்தில் எங்களை மோசடிக்காரர்கள் என்று எழுதிவிட்டால் இந்த சீசனே போச்சு. வந்து, அதற்குள் சாரல் நின்று அருவி வற்றிவிட்டாலும் அதே கதிதான்.

4.35க்கு வேன் வந்தது. முதலில் இறங்கிய வயதான அம்மா நனைந்தபடி நின்று, "இது அசல்தானே?" என்று கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு நாள் தங்கிப் போனார்கள். அதன்பின் எங்களைப் பற்றி ஏதோ எழுதியிருப்பதாகப் போனில் தகவல் வந்தது. மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் மனைவி பிடுங்கிப் பார்த்தாள்.

"நட்சத்திரம் நாலு. ஒண்ணை வழிச்செலவுக்குக் கழிச்சிருக்காவ."

அந்தப் பெண் காசு வாங்காமல் வரைபடத்தைத் திருத்தினாள். வேன் செலவு 7,800, விட்டுக்கொடுத்த வாடகை 3,600. ஒதுக்கிய நானூறு அதற்குள் போக, இணையதளத்துக்கு ஆனது மொத்தம் ரூ. 28,500.