மாலத்தீவு கோல்கீப்பரும் திண்டுக்கல் மேனேஜரும்

கால்பந்து டீமுக்கு மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பந்து மூட்டை, எலுமிச்சம்பழம், குளுக்கோஸ் மூன்றையும் சுமந்துகொண்டு, பதினோரு பேர் வீட்டுத் திட்டையும் வாங்கிக்கொள்கிற ஆள் அவர். ஊர் டீமை ஒரு தடவையாவது கட்டி மேய்த்தவர்களுக்கு நான் படும் பாடு சொல்லாமலே புரியும். தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு எஸ்.டி.டி. பூத். சாயங்காலமானால் இந்த வேலை.

எல்லைக்கோடு

மாலத்தீவிலிருந்து இங்கே காலேஜில் படிக்க வந்த ஹசன், வாராவாரம் அம்மாவிடம் பேச என் பூத்துக்கு வருவான். அவன் உயரத்துக்குக் குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். அந்தக் கை நீளத்தைப் பார்த்ததுமே மைதானத்துக்கு இழுத்துப்போய் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அடித்த பந்தையெல்லாம் பிடித்தான்.

ஆரோக்கியம் எங்கள் கேப்டன், லாரிப் பட்டறை மெக்கானிக். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "உங்க ஊரு எம்புட்டுப் பெருசு?" என்றான். சுற்றி நடந்தால் இருபது நிமிஷம் என்று ஹாஸ்டலில் கற்ற தமிழில் ஹசன் சொன்னான். ஆரோக்கியம் கவலையோடு கேட்டான்: "அப்ப ஓங்கி ஒரு உதை விட்டா, பந்து வெளிநாட்டுக்குல்ல போயிரும்?"

லீவு லெட்டர்

ஒருநாள் பூத்துக்கு மாலத்தீவிலிருந்து போன். போன லீவில் ஊரில் ஆடியதைப் பார்த்து, ஹசனை அவன் நாட்டு டீமுக்கு எடுத்துவிட்டார்கள்! காலேஜுக்கு ஓடினோம். ஆபீஸ் கிளார்க் ஹசனின் லீவு லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவன் பொய் சொல்லவில்லை என்று நானும் கையெழுத்துப் போட்டேன். முத்திரையைக் குத்திவிட்டு அவர் சொன்னது: "தாத்தா செத்தாருன்னு லீவு கேப்பாங்க, காய்ச்சல்னு கேப்பாங்க. நாட்டுக்கு வெளையாடணும்னு ஒருத்தன் கேட்டு இப்பத்தான்யா பாக்குறேன்."

பதினொன்று

போன இடத்தில் பெரிய நாட்டோடு மோதி, பதினோரு கோல் வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை நத்தத்தில் அரையிறுதி. நானும் ஆரோக்கியமும் ஹாஸ்டலுக்குப் போனோம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கையுறையை யாருக்கோ கொடுத்துவிட்டானாம். "எங்க தீவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும்ணே. எங்க போய் ஒளிய?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

ஆரோக்கியம் கட்டிலில் உட்கார்ந்தான். "சரி, கோலப் பாத்து மொத்தம் எத்தன அடிச்சாய்ங்க?"

ஹசன் யோசித்தான். "முப்பத்தஞ்சு இருக்கும்."

"அப்ப இருபத்திநாலு புடிச்சிருக்கேல்ல? எந்திரி, கெளம்பு."

மாம்பழ வண்டி

நத்தத்தில் ஆட்டம் முடியச் செத்த நேரம்தான் இருந்தது. இன்னும் கோல் விழவில்லை. எதிர் டீம் ஆள் பந்தோடு பாய, ஹசன் அவன் காலடியிலேயே விழுந்து மறித்தான். முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. ஹசன் அசையவில்லை. மாம்பழம் ஏற்றி நின்ற வேனில் கூடைகளுக்கு நடுவே அவனைக் கிடத்தி, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில். அவன் அம்மாவுக்கு என்ன சொல்வேன், எந்த மொழியில் சொல்வேன்?

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா வெளியே எட்டிப் பார்த்தார்: "மேனேஜர்னா யாருங்க? கோல் விழுந்துச்சா இல்லையான்னு வந்து சொல்லுங்க, படுக்க மாட்டேன்னு அடம்புடிக்கிறாரு."

ஒரு போன்

படிப்பை முடித்து ஊருக்குப் போனவன், அங்கே பல வருஷம் கோல் காத்தான். தோல்விதான் அதிகம். பிறகு ஒரு மத்தியானம் பூத்தில் போன் அடித்தது. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இருந்தது எனக்குத் தெரியும். மனசை ஒரு ஏழெட்டு கோலுக்குத் தயார்செய்துகொண்டுதான் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், மூச்சிரைப்பு. "அண்ணே, தொண்ணூறு நிமிஷம்... ஒண்ணுகூட உள்ள போகலண்ணே!"

இத்தனை வருஷ மேனேஜர் வேலையில் நான் கையில் ஏந்திய கோப்பையெல்லாம் டீக்கடையில்தான் என்றாலும், கூட்டிப்போன பிள்ளைகள் அத்தனை பேரையும் முழுசாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.