விரல் நுழையும் ஓட்டை

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நீங்கள் நம்பாமல் போனால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் இது நடந்தது. நடுநிசியில் இல்லை. பட்டப்பகலில், வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது நடந்தது.

கலிபோர்னியாவில், ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அந்த நகராட்சியில் நான் பருவநிலைத் திட்ட ஃபெலோ. பதினொரு மாத வேலை. பதவியின் பெயர்தான் நீளம், செய்வதெல்லாம் எடுபிடி வேலை. அந்த வருடம் என் தலையில் கட்டியது ஒரு பழைய பழக்கிடங்கு. வெயில் உச்சத்துக்குப் போகும் நாட்களில் ஏசி இல்லாத ஜனங்கள் வந்து உட்கார அதை மாற்ற வேண்டும். உள்ளே போடும் குளிர் வெளியே கசியக் கூடாது. கசிந்தால் மாநில அரசு உதவி கிடையாது. அதனால் வாரக்கணக்கில் ஓட்டை ஓட்டையாகத் தேடி, டப்பாவில் வரும், அடித்ததும் இறுகிவிடும் நுரையை அடித்து அடைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்குக்குக் காவலாளி சில்வெய்ரா. போர்ச்சுகீசியக் குடும்பம், எழுபதைத் தாண்டியவர். என்னைக் கண்டாலே, "வாங்க ஓட்டை டாக்டரம்மா" என்பார். எங்கே போனாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். பின்பக்கக் குளிர் அறைக்கு மட்டும் வரமாட்டார்.

அது ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. முன்பு பீச் பழம் வைத்த இடம். சுவரெல்லாம் தக்கை. கதவு ஒரு சாண் தடிமன்.

"அளக்கணும், உள்ள வந்து டேப்பைப் பிடிங்க."

"நீங்க எடுங்கம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

"பயமா?"

"முட்டி வலி."

அந்த அறைக்குப் படியே கிடையாது. அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு வியாழக்கிழமைதான் குளிர் அறைக் கதவில் அந்த ஓட்டையைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்தால் வாய் எட்டும் உயரம். ஒரு விரல் நுழையும். உட்பக்கம் அகலம், வெளிப்பக்கம் குறுகல். துளைக்கருவி போட்டது போலில்லை. கொத்திக் கொத்தி எடுத்தது போலிருந்தது. அதை யோசிக்காமல் இரண்டு பக்கமும் நுரை அடித்து அடைத்தேன். பெருமையாகப் படம்கூட எடுத்தேன்.

மறுநாள் வெள்ளி. ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை தொடங்கும் நாள். செவ்வாய் வரை யாரும் வரமாட்டார்கள். மதியமே சில்வெய்ரா கிளம்பிவிட்டார்.

"போறப்ப வாசக் கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்கம்மா."

எனக்குக் கடைசிச் சோதனை பாக்கி இருந்தது. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுக்க வேண்டும். எங்காவது கசிந்தால் புகைக்குச்சியின் புகை அந்தப் பக்கம் ஓடும். விசிறியை இயக்குவது என் போன். அதை அங்கேயே வைத்துவிட்டு, குளிர் அறைக் கதவுக்கு நுரை டப்பாவை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மணி 2.40. விசிறி இழுத்த இழுப்பில் டப்பா உருண்டது.

தடக்...

கதவு மூடிக்கொண்டது.

உட்பக்கம் கைப்பிடி இல்லை. எப்போதோ கழன்று போனது. தள்ளினேன். உதைத்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். தக்கைச் சுவர் என் குரலை அப்படியே விழுங்கியது. நான் பஸ்ஸில் வருகிறவள், வாசலில் என் கார் என்று எதுவும் நிற்காது. யாரும் தேட மாட்டார்கள். காற்று புகும் ஒரே வழியையும் நானே அடைத்திருந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

இடுப்பில் காற்று மீட்டர் இருந்தது. ஆட்கள் விடும் மூச்சு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டிருந்தது. ஏறத்தான் செய்யும். ஆனால் வேகம் சரியில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். திரும்பவும் போட்டேன்.

அது இரண்டு பேர் மூச்சு விடும் வேகம்.

மீட்டர் பழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்காவது சின்ன விரிசல் கிடைக்காதா என்று புகைக்குச்சியைக் கையில் எடுத்தேன். சுவர் ஓரம் புகை அசையவில்லை. மூலையில் அசையவில்லை. கதவின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுபோனேன்.

புகை உள்ளே போனது... நின்றது... வெளியே வந்தது.

உள்ளே... வெளியே...

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. ஒரு ஆள் தரையில் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரம்.

என் மூச்சை அடக்கினேன்.

புகை நிற்கவில்லை.

உள்ளே... வெளியே...

அதற்கு நேர் எதிரே, நான் அடைத்த ஓட்டை.

கர்ர்... கர்ர்...

நகத்தால் நுரையைச் சுரண்டும் சத்தம்.

ஓடிப் போக இடமில்லை. அழுதேன். தலை கனத்தது. பிறகு, எப்படித் துணிந்தேனோ தெரியாது, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுச் சாவியால் நானும் தோண்டினேன். தோளில் ஏதோ சில்லென்று பட்டுக்கொண்டே இருந்தது.

கர்ர்... கர்ர்...

நுரை பிய்ந்தது. வெளிச்சம் ஒரு புள்ளி.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நீண்ட மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டது.

அது என்னுடையது இல்லை.

அடுத்த நொடி, வெளியிலிருந்து ஓட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தது.

அலறினேன். விரல் வெடுக்கென்று போனது. ஒரு நடுங்கும் குரல் கேட்டது.

"எஃப்ரேன்... நீயாடா?"

சில்வெய்ராவின் குரல்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி 5.25. வெயிலில் வந்து விழுந்த பிறகும் என் பல் தந்தியடித்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

"ஓட்டையை அடைச்சது நீங்களாம்மா?"

"ஆமா. எஃப்ரேன் யாரு?"

"எஃப்ரேன் ஓல்வேரா. இங்க பெட்டி தூக்கினவன். எழுபத்திநாலுல இதே லீவு. உள்ள மாட்டிக்கிட்டான், யாருக்கும் தெரியல. திராட்சைக் குலை வெட்டுற கத்தியால குடைஞ்சு குடைஞ்சு அந்த ஓட்டையப் போட்டிருக்கான். கத்தி பாதியா தேஞ்சு கிடந்துச்சு. ரெண்டு நாள் அதுல வாய வெச்சுத்தான் உசுரோட இருந்திருக்கான்."

"வழி கிடைச்சிருச்சே. அப்புறம் எப்படி..."

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாள் காலைல சுத்திப் பாக்க வந்தேன். அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம். உள்ள சத்தமே இல்ல. தூங்கிட்டிருந்திருப்பான். இப்பவும் வருஷா வருஷம் இந்த லீவுல வந்து, ஓட்டை திறந்திருக்கான்னு விரல விட்டுப் பாக்குறேன்."

"அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"கதவுலருந்து குளிர் வெளிய வந்துட்டிருந்துச்சும்மா. வீணாப் போகுதேன்னு ஒரு துணியச் சுருட்டி அடைச்சிட்டுப் போயிட்டேன்."

நானும் அதற்குத்தான் அடைத்தேன்.