யூசுப் ராவுத்தரின் ஞாயிற்றுக் கூட்டம்

ராவுத்தர் மகன் சலீம் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான். "அத்தா மவுத்தாயிட்டாங்க மாமா. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனோம், எழுந்திரிக்கல. சாயங்காலம் அடக்கம்." நான் உறையூர்க் கடைத்தெருவில் கத்தரிக்காய்ப் பையோடு நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தால், "இன்னிக்கு என்ன கிழமை?" என்றுதான் வந்தது. "வியாழன் மாமா" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நோட்டீஸ் வந்தது. டவுனில் பெரிய மண்டபத்தில் மாதாமாதம் சர்வசமயக் கூட்டம் நடத்துகிறார்களே, அந்தச் சபையார் அச்சடித்தது. "நமது சபையின் நீண்டகால உறுப்பினர் ஜனாப் யூசுப் ராவுத்தர் அவர்களின் மறைவுக்கு இரங்கற் கூட்டம்" என்று போட்டிருந்தார்கள். உறுப்பினராம்! அவரை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இந்த ஊரில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சபை பிறந்தது எந்த மண்டபத்திலும் அல்ல. பெரிய கடை வீதியில் ராவுத்தருடைய போட்டோ ஸ்டூடியோ மாடியில் பிறந்தது. பெற்றவர் அவர்.

அன்றைக்கு நல்ல மழை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் நான் ஓய்வு பெறப்போகும் சமயம். அதற்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். மகள் கல்யாணத்துக்கு வரன் வீட்டார் கேட்ட படத்தை வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து வரதராஜ அய்யங்கார் வந்திருந்தார். மாதா கோயிலில் பிள்ளை புதுநன்மை வாங்கிய படத்துக்காகச் சவரிமுத்து வாத்தியார் காத்திருந்தார். மழை விடவில்லை. பேச்சு சாமியில் வந்து நின்றது. சாமியில் நின்றால் சண்டையில்தான் முடியும். முடிந்தது. நான்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். புத்தகங்களைத் தேடித் தேடி நானே படித்தது அதிகம். அப்படிப் படித்தவன் சும்மா இருக்க மாட்டான்.

ராவுத்தர் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "கொஞ்சம் நிறுத்துறீங்களா? நம்ம சாமியைப் புகழ நமக்கு யாராவது சொல்லித் தரணுமா? அடுத்த வீட்டுச் சாமியைத் தப்பில்லாமச் சொல்லிப் பாருங்க, வேர்த்துடும். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. வாத்தியார் ரங்கநாதரைப் பத்திப் பேசட்டும். அய்யங்கார் சாமி ஏசுவைப் பத்திப் பேசட்டும்."

"நான்?" என்றேன்.

"நீங்க எங்களைப் பத்திப் பேசுங்க. நான் எதுத்தாப்புல உக்காந்துக்கறேன்."

இதுதான் சட்டம். பேசுகிறவர் தன் மதத்தைப் பேசக்கூடாது. யார் மதத்தைப் பேசுகிறாரோ அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ராவுத்தர் முகங்களைப் பார்த்தே பிழைத்தவர். "புஸ்தகத்தைப் பார்க்காதீங்க, அவர் மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. மூஞ்சி சுருங்குனா நீங்க தப்பாச் சொல்றீங்கன்னு அர்த்தம்" என்பார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பேசியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர் அவர். ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் படத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். "உலகத்தைக் காக்கிறவர் படுத்துத் தூங்குறாரேன்னு முதல்ல நெனச்சேங்க. போன வாரம் என் பையனுக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா என் சம்சாரம் அவன் பக்கத்துல கண்ணை மூடிப் படுத்திருந்தா. பையன் லேசா அசைஞ்சா அவ கை அவன் நெத்திக்குப் போயிடும். அவ தூங்கலே. அந்தப் படுக்கைதான் உங்க சாமி படுத்திருக்கறதுன்னு இப்பத் தோணுது. தப்புன்னா மன்னிச்சுக்குங்க."

அய்யங்கார் எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து, "அதைத்தான் யோக நித்திரைன்னு பெரியவா சொல்லி வச்சிருக்கா. அடியேனுக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை, ஸ்வாமி" என்றார்.

என் முதல் பேச்சு அப்படி அமையவில்லை. முஸ்லிம்கள் சமாதிகளை மதிப்பதில்லை என்று ஒரு புத்தகத்தில் படித்ததை அழுத்திச் சொன்னேன். ராவுத்தர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "இல்லீங்களே. நாங்க வருஷா வருஷம் குடும்பத்தோட தர்காவுக்குப் போறோமே." "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்றேன் நான். "புஸ்தகத்துல இருக்கலாம் முதலியாரே, எங்க வீட்டுல இல்லை" என்றார். மாடியே சிரித்தது. அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இன்னும் மதிப்பு உண்டு என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் கொடுப்பது வாழைப்பழம் மட்டும். தோலோடு இருக்கும் பழத்தை யார் கையால் கொடுத்தாலும் அய்யங்கார் சாப்பிடலாம் என்பதற்காக ராவுத்தர் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒரு வருஷம் நிறைந்தபோது பழத்தாரையே வாங்கி வாசலில் தொங்கவிட்டார். அது ரமலான் மாதம். தான் நோன்பு, விருந்தாளிகளாவது சாப்பிடட்டும் என்று நினைத்திருக்கிறார். அய்யங்கார் வந்து, "இன்னிக்கு ஏகாதசி. ஜலம் மட்டுந்தான்" என்றார். வாத்தியார் தாரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். தவக்காலம் முடியும்வரை பழம் தொடுவதில்லை என்று அவருக்கு நேர்ச்சை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முதலியாரே, மூணு வீட்டுலயும் பட்டினி. நீங்க ஒருத்தராவது சாப்பிட்டு எங்க மானத்தைக் காப்பாத்துங்க" என்றார் ராவுத்தர். மூன்று பட்டினிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்க்க நான் தின்றேன். அப்படி ஒரு சங்கடமான சாப்பாடு என் ஆயுளில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அய்யங்கார் கூட்டம் முடிந்து போகும்போது காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வரும். "உங்க மாடியில உக்காந்த தீட்டைக் கழுவுறார். உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று கேட்டேன். ராவுத்தர் படியிறங்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "அய்யங்கார் சாமி! ஆத்துல தண்ணி ஜாஸ்தியா வருதாம். படியோரமாவே முழுகிட்டுப் போங்க" என்றார். அய்யங்கார் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். அந்த முழுக்கு எனக்கு உடன்பாடு இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் ராவுத்தரின் அந்தக் குரலில் துளிக்கூடக் குத்தல் இல்லை என்பதை நான் எழுதிவைக்க வேண்டும்.

சில வருஷங்கள் இப்படி நடந்தது. பிறகு கண் பட்டது. மாடியில் மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பக்கம் புரளி. ராவுத்தருடைய ஆட்களிலேயே சிலர், "படம் பிடிக்கிறதே நம்ம மார்க்கத்துல கூடாதுங்கறாங்க, இதுல சாமியார் மடம் வேற நடத்துறியாக்கும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கட்டிடத்துக்காரர் பயந்துபோய், கூட்டம் போட்டால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வக்கீல் வந்தார். மண்டபம் தருகிறோம், மைக் தருகிறோம், ஆனால் அவரவர் மதத்தை அவரவரே பேசட்டும், அப்போதுதான் வம்பு இருக்காது என்றார். ராவுத்தர் சரி என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"ஒத்துக்காதீங்க ராவுத்தரே. அந்தச் சட்டம் போனா அப்புறம் கூட்டம் எதுக்கு? ஆத்து மணல்ல உக்காந்து பேசுவோம். காவேரி யார் அப்பன் வீட்டுச் சொத்து?"

"அய்யங்காரு மணல்ல உக்காந்தா எழுந்திரிக்க மாட்டாரு முதலியாரே. நானும் நீங்களும்தான் தூக்கிவிடணும்."

"சிரிக்காதீங்க. அங்க போனா அவங்கவங்க அவங்கவங்க சாமியைத்தான் புகழுவாங்க."

"புகழட்டுமே. ஒரே கூரைக்குக் கீழ உக்காந்துதானே புகழறாங்க."

"காந்தி மார்க்கெட்லயும்தான் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து கூவுறாங்க."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த பிறகும் நான் பேச்சை நிறுத்தவில்லை. நான் சொன்னதில் தப்பு இல்லை. இன்றைக்கு அந்த மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள், மூன்று பேர் மூன்று திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள். நேரமாகிவிட்டது என்று தலைவர் மணி அடிக்கிறார். ராவுத்தர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். "சட்டம் போனா திரும்பக் கொண்டுவந்துடலாம் முதலியாரே. ஆளுங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறது நின்னு போச்சுன்னா, அதைக் கொண்டுவர முடியாது."

நான் மண்டபத்தில் காலடி வைக்கவில்லை. அவர் போனார். தான் பெற்ற கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். முதல் கூட்டம் முடிந்த அன்றே டவுன் பஸ் பிடித்து உறையூர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் "வாங்க" என்றேனே தவிர வேறு பேசவில்லை. அவரே சொன்னார். அய்யங்கார் பெருமாளைப் பற்றி நன்றாகப் பேசினாராம். வாத்தியார் ஏசுவைப் பற்றி நன்றாகப் பேசினாராம். "எல்லாரும் கை தட்டினாங்க முதலியாரே." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம மாடியில யாரும் கை தட்டினதே இல்லை, இல்லீங்களா?"

அதற்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம் நடந்த ஞாயிறெல்லாம் அவர் வந்தார். அங்கே பேசியதைச் சொல்லி முடித்ததும், "சரி, இப்ப நம்ம கூட்டம்" என்பார். ஒரு தடவை நான் இஸ்லாத்தைப் பேசுவேன், மறுதடவை அவர் சைவத்தைப் பேசுவார். என் சம்சாரம் அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேருக்கு ஒரு மகாநாடாம். இதுக்குத் தலைவர் யாரு?" என்பாள். "நீங்கதாங்க தங்கச்சி. மணி அடிக்கிறதுக்குப் பதிலா காபி கொண்டாந்துடுங்க, நிறுத்திடறோம்" என்பார் அவர். அய்யங்கார் கண் மங்கிப்போய் ஸ்ரீரங்கத்தை விட்டு வருவதை நிறுத்தினார். வாத்தியார் மகனோடு வேறு ஊர் போனார். அதன் பிறகு பழைய சட்டப்படி இந்த ஊரில் நடந்த ஒரே கூட்டம் என் வீட்டு முன்னறையில்தான் நடந்தது.

ஒரு நாள் திருநீற்றைப் பற்றி அவர் பேசினார். "எல்லாம் கடைசியில இதுதான் ஆகப்போகுதுன்னு தெனம் காலையில கண்ணாடியைப் பார்த்து நெத்தியில பூசிக்கிறீங்க. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லீங்க." நினைவு தெரிந்த நாளிலிருந்து பூசுகிறேன். அதற்குத் தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "சரிதான்" என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் வந்தபோது வாசல்படியிலேயே நின்று மூச்சு வாங்கினார். புறப்படும்போது, "அடுத்த தடவை மையத்துத் தொழுகையைப் பத்திப் பேசுங்க. இறந்தவங்களுக்காக நாங்க தொழுறது. நீங்க அதைப் பேசினதே இல்லை" என்றார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? வேற நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

"அதுவும் நல்லதுதான் முதலியாரே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கையிலிருந்த புத்தகங்களைப் புரட்டித் தயார் செய்தேன். பிணம் எந்த மண்ணுக்குள் போகிறதோ அந்த மண்ணிலேயே உயிரோடிருப்பவர்கள் நெற்றியை வைத்து அதற்காக மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் உண்டாக்கினேன். அதில் எனக்குக் கர்வம்கூட. அவர் முகம் எப்படி மலரும் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடக்கஸ்தலத்தில் ஓரமாக நின்றேன். அவரை வெள்ளைத் துணியில் சுற்றி முன்னால் வைத்து, பின்னால் வரிசை வரிசையாக நின்றார்கள். கை கட்டினார்கள். உதடுகள் அசைந்தன. குனிவார்கள், மண்ணில் நெற்றியை வைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் குனியவில்லை. நின்றபடியே முகத்தை இரு பக்கமும் திருப்பி முடித்துவிட்டார்கள். என் வாக்கியம் முழுவதும் தப்பு. தப்பு என்று சிரித்துத் தலையை ஆட்ட வேண்டியவர் எனக்கு முன்னால் படுத்திருந்தார். "வாங்க மாமா" என்று சலீம் கையைப் பிடித்து அழைத்துப் போனான். எல்லோரையும் போல நானும் மண் அள்ளிப் போட்டேன்.

இரங்கற் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்விதான். தினமும் அத்தனை தடவை மண்ணில் நெற்றி வைக்கிறவர்கள், தங்கள் மனிதனை வழியனுப்பும்போது மட்டும் ஏன் நிமிர்ந்தே நிற்கிறார்கள்? ராவுத்தர் ஏதோ ஒன்று சொல்லியிருப்பார். நான் மறுத்திருப்பேன். காபி வந்திருக்கும். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் திருச்சியில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். தயவுசெய்து யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.