பக்கத்து ஊருக்கு ஒஸ்லோ வழியாக

ஒஸ்லோவில் எங்கள் வட்டார நூலகத்தில் இருபதாம் நூற்றாண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தட்டச்சுப் பொறி, வால்வு ரேடியோ, நச்சுப்புகை முகமூடி. போனது போகட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்ட சனங்கள். என்னையும் சிவத்தையும் பார்த்த நூலகப் பெண், "சிறுவயதிலிருந்தே நண்பர்களா?" என்றாள். "இல்லை, உங்கள் நாட்டில்தான் அறிமுகம்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் சாய்ந்தமருது, சிவம் காரைதீவு. ஒரே கடற்கரையில் ஒட்டிக்கிடக்கும் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும். அவர்கள் கோயில் மணி எங்களுக்குக் கேட்கும், எங்கள் பாங்கு அவர்களுக்குக் கேட்கும். இங்கே ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பானையில் சோறாக்குகிறோம், மீன் ஆணத்துக்கு உப்புக் கூடியதென்று சண்டை பிடிக்கிறோம். பனிக்காலத்தில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

நூற்றாண்டைக் குறை சொல்லக்கூடாது. வாக்குரிமை தந்தது, தடுப்பூசி தந்தது. எல்லாம் எங்கள் கரைக்கு ஆடி அசைந்துதான் வந்தன. துவக்கும் தோட்டாவும் மட்டும் பிந்தாமல் வந்தன. நாவிதன்வெளி வயலுக்குப் போன என் வாப்பா சுடுபட்டு மையித்தாக வந்தார். கல்முனைச் சந்தைக்குப் போன சிவத்தின் அண்ணன் அப்படியும் வரவில்லை. இரண்டையும் செய்தவர்கள் 'இனந்தெரியாதோர்' என்றது பத்திரிகை. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் ஓய்வில்லாமல் உழைத்தவர்கள் அவர்கள்தான். பத்திரிகைக்கு அவர்களின் இனம் தெரியாது. எங்கள் இரண்டு ஊருக்கும் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது: மற்ற ஊர்க்காரர்கள்.

இந்த வருடம் இருவரும் ஒன்றாக லீவில் ஊருக்குப் போனோம். அவன் வீட்டில் எனக்குப் பகல் சாப்பாடு என்று ஏற்பாடு. எனக்கு அது பெருநாளைவிடப் பெரிதாக இருந்தது. சட்டையை மாட்டும்போது உம்மா கேட்டார்.

"போ மகன், நான் வேணாமெண்டு சொல்லல்ல. அந்தத் தாய் ஒன்னப் பாத்து அழுதா நீ என்ன சொல்லுவாய்?"

பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தேன். அப்போதுதான் சிவம் வாட்ஸ்அப்பில் அழைத்தான். கூப்பிடு தூரத்துக்கு வாட்ஸ்அப்.

"மச்சான், அம்மா விடியவே சமைச்சி வச்சிட்டா. இப்ப அண்ணன்ட படத்துக்கு முன்னால போய் இருக்கா. எழும்புறா இல்ல."

"இங்க உம்மாவும் ஒரு மாதிரித்தான் மச்சான்."

மாட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"அப்ப அங்க போய்ச் சாப்பிடுவமா?" என்றான்.

"ஓம்" என்றேன்.

பக்கத்து ஊர்க்காரனோடு ஒரு பிடி சோறு தின்பதற்காக, இருவரும் ஒஸ்லோ டிக்கெட்டை முந்திய திகதிக்கு மாற்றினோம்.