சேலைக்கடைப் பையோடு சென்ற வேட்டை

மகளைப் பிரெஞ்சுக் குடும்பமொன்றில் மணமுடித்துக் கொடுக்க நான் தயங்கியிருந்த காலம் அது. மாப்பிள்ளையின் தந்தை என்னைக் காட்டுக்கோழி வேட்டைக்கு அழைத்தார். துப்பாக்கி அவருடையது, தோட்டாக்களையும் உணவையும் சுமப்பது என் பொறுப்பு. அதற்கெனத் தமது பழைய தோற்பையையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"இந்தக் கிழிஞ்ச பையோடையே அவையளிட்டைப் போகப் போறியள்? எங்கடை மானம் என்னாகிறது?" என்றாள் மனைவி. ஆகவே, பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலின் சேலைக்கடையொன்றின் பளபளக்கும் புதிய பிளாஸ்டிக் பையில் அனைத்தையும் எடுத்துச் சென்றேன்.

காலை முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்தோம். கோழி புதரைவிட்டு வெளிவந்த கணத்தில் என் பை சரசரத்தது, கோழி பறந்துவிட்டது. நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அவருடைய ஊருக்குத் திரும்பியதும் அங்கிருந்த நண்பர்கள், "வெறுங்கையோடா வந்தாய், கிழவா?" எனக் கேலி செய்தனர்.

"சுட்டேன், குறி தவறிவிட்டது. கண் மங்கிவிட்டதப்பா" என்றார் அவர்.

அன்று அவர் ஒரு தோட்டாவைக்கூடச் சுடவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னவரின் வீட்டில் என் மகள் நலமாக வாழ்வாள் என்று அக்கணமே நம்பினேன்.