கழுவாத டம்ளர்

என் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. கொதிநீரில் முக்கியெடுத்த டம்ளரின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பான். துளி பிசுபிசுத்தாலும் அந்தக் கூடை முழுவதும் திரும்பிப் போகும். கீழே வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘பளபளா’.

அந்தப் பளபளாவின் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு பித்தளை டம்ளர் இருக்கிறது. சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றி, பெரியவரிலிருந்து சின்னவர் வரை ஆளுக்கொரு வாய் குடிக்க வேண்டும். கழுவக் கூடாது. கழுவினால் அருள் போய்விடுமாம். தாத்தாவின் வாய், அப்பாவின் வாய், சித்தப்பாவின் புகையிலை வாய், எல்லாம் விளிம்பில் பச்சைக் களிம்பாக ஏறிக் கிடக்கின்றன.

இந்தப் புனிதம் பிறந்த கதையை அம்மா சாகும் முன் என்னிடம் சொன்னாள்.

“அன்னைக்குக் குழாய்ல தண்ணி வரலடி. ‘இன்னைக்குக் கழுவ வேணாம், விடு’ன்னாரு உங்க தாத்தா. மறுநாள் அவருக்கு வேலை கிடைச்சுது. அதுலேருந்து பிடிச்சது சனியன்.”

எங்கள் வீட்டு பக்தியின் வயது ஒரு குழாய் அடைப்பின் வயது.

சின்ன வயதில் அண்ணன் அதைக் கண்டாலே ஓங்கரிப்பான். அப்பா அவன் மூக்கைப் பிடிப்பார். மூச்சுக்கு வாய் திறந்ததும் ஊற்றிவிடுவார். கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்துவிட்டு என்னிடம் சொல்வான்: “நான் பெரியவனானா முதல் வேலையா இதைச் சாக்கடையில வீசறேன் பாரு.”

அப்பா போனார். டம்ளர் அண்ணன் கைக்கு வந்தது. சாக்கடைக்கு மட்டும் போகவில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது அவன் மகள் முதன்முதலாகக் குடிக்கும் முறை வந்தது. பால் பல்கூட விழாத குழந்தை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அத்தை, நாறுது!”

“விடுண்ணா. ஆஸ்பத்திரியில இப்படி ஒரு டம்ளரை வெளிய விடுவியா?” என்றேன்.

“அது வேலை, இது சாமி. கட்டிக் கொடுத்த வீட்டுல போய் உன் ஞாயத்தைப் பேசு.”

நான் டம்ளரைப் பிடுங்கக் கை நீட்டினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மகளின் மூக்கைப் பிடித்தான். அதே இரண்டு விரல், அதே பிடி. அப்பா செத்துப்போனார் என்று யார் சொன்னது?

குழந்தை விழுங்கினாள், இருமினாள், அழுதாள். அண்ணன் அவள் வாயைத் துடைத்துவிட்டு, “சமத்து” என்றான். அப்பாவை விட்டால் இந்த உலகில் நான் அதிகம் வெறுத்த ஆள் அந்த நிமிடத்தில் அவன்தான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் தொட்டிலருகே போனாள். உள்ளே கைக்குழந்தைத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, தம்பி பெரிசானா நான்தானே மூக்கைப் பிடிப்பேன்?”

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா,” என்றான் என்னிடம், “பக்தி ரத்தத்துலயே ஓடுது.”