எளைச்ச சிஸ்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் சம்பளம் போடும் கிளார்க் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான் தேர். பெயர் வைத்த புண்ணியவதி மெடிக்கல் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே வந்தால் போதும், "பெரிய தேர் வருது, வழி விடுங்க" என்பார். திருவண்ணாமலையில் பெரிய தேர் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிற நோயாளிகூடச் சிரிப்பான். சிரிக்கிற சிரிப்பில் கை ஆடி ஊசி நகர்ந்துவிடும். அதை மறுபடி குத்துகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரி செங்கம் ரோட்டை ஒட்டி இருந்தது, பின்னாலேயே அவர்களுடைய நர்சிங் ஸ்கூலும் ஹாஸ்டலும். நான் படித்ததும் அதே ஸ்கூலில்தான். படிக்கிற காலத்தில் பூசினாற்போல் இருந்தேன், அவ்வளவுதான். வேலைக்கு வந்த பிறகுதான் உடம்பு கண்டபடி போட்டது. காலை டிபனை மதியம் தின்போம், மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் தின்போம். நடுவில் டிஸ்சார்ஜ் ஆகிற குடும்பங்கள் வைத்துவிட்டுப் போகிற ஸ்வீட் பாக்ஸ், கேன்டீன் போண்டா, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. நின்றுகொண்டே எல்லோரும்தான் வாயில் போட்டுக்கொண்டோம். ஒட்டியது எனக்கு மட்டும்.

"ஸ்ட்ரெச்சர்லேருந்து ஆள மாத்தணுமா? தேர கூப்புடு. மத்தவளுங்க எதுக்கு தண்டத்துக்கு?" என்பார் இன்சார்ஜ். தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அந்த வருஷம் ஆடியில், ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற கேஃபேக்களில் வெள்ளைக்காரர்கள் கேழ்வரகு தோசையை ஏதோ அதிசயம் மாதிரி போட்டோ எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். நம்மிடமும் ஒரு டயட் கிளினிக் திறக்கலாம் என்றார். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, வருகிறவர்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று எடுத்துச் சொல்ல ஒரு நர்ஸ். பெட்பேன் கிடையாது, ஆளைத் தூக்குகிற வேலை கிடையாது, நைட் டூட்டி கிடையாது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று உயிரே போனது. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீயாமா? நீ உக்காந்து டயட் சொன்னா எவன் காசு குடுப்பான்?"

"எளைச்சுக் காட்டறேன் சார்."

"சரி. தீபத்துக்கு ஓப்பனிங். அதுக்குள்ள எளைச்சிடு, சீட்டு உனக்குத்தான்."

பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் சும்மா இருப்பாரா? "சார், இவ எளைக்கறதுக்குள்ள அண்ணாமலையாரு மலை எளைச்சிடும்" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ரோஷக்காரி என்று அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

அன்றிலிருந்து காலையில் கூழ், மதியம் வெள்ளரிக்காயும் மோரும், சாயங்காலம் ஒரு கை அவித்த பயறு. டூட்டிக்கு முன்னால் கிரிவலப் பாதையில் வேகு வேகென்று நடை. பசி என்றால் அப்படி ஒரு பசி. நோயாளிக்கு வந்த பிரெட்டைப் பார்த்து எச்சில் ஊறும், சீச்சீ என்று என்னையே திட்டிக்கொள்வேன். திங்கட்கிழமை தோறும் இன்சார்ஜ் என்னை வார்டு நடுவில் எடை மிஷினில் ஏற்றுவார். முள் லேசாகத்தான் அசைந்திருக்கும். "மிஷினு பாவம்டி, எறங்கு" என்பார். அட்டெண்டர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பௌர்ணமிக்கு இன்னும் கொடுமை. கிரிவலப் பாதையில் எங்கள் ஆஸ்பத்திரி முதலுதவிப் பந்தல் போடும். காலில் கொப்புளம் வந்தவர்களுக்குக் கட்டுப் போடுவோம், மயங்கி விழுந்தவர்களுக்கு ஓஆர்எஸ் கரைத்துக் கொடுப்போம். பொழுது சாய்வதற்குள் பந்தலைச் சுற்றி அன்னதானம் ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் சாம்பார் சாதம், ஒரு பக்கம் பொங்கல், இன்னொரு பக்கம் கேசரி. கொடுக்கிறவர்கள் கேட்டுக் கொடுப்பதில்லை, கையைப் பிடித்து வைப்பார்கள். நான் ஒரு அம்மாவிடம் வேண்டாம் என்றேன்.

"சாமி சாப்பாட்ட வேணாம்னு சொல்றியாமா? நீ வாங்கலைனா எனக்கில்ல பாவம் வரும்?" அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

வாங்கிக்கொண்டேன். கையில் வந்த பிறகு நிறுத்த முடியவில்லை, தொன்னையின் அடிவரை வழித்துத் தின்றேன். நிமிர்ந்தால் எதிரே இன்சார்ஜ் போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அது எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸாப் குரூப்பில் வந்தது. டாக்டர்கூட ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அன்று ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

புரட்டாசி நடுவில்தான் அந்த அற்புதம் நடந்தது. எனக்குப் பசி நின்றுவிட்டது. முதலில் நம்பவே இல்லை. கேன்டீனில் மசால் தோசை வாசனை வந்தால் வயிறு புரட்டியது. கூழ்கூடப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மனசைக் கட்டிவிட்டேன், நாக்கை ஜெயித்துவிட்டேன் என்று ஒரே கர்வம் எனக்கு. எடை சரசரவென்று இறங்கியது. யூனிஃபார்மைப் பிடிக்கச் சொல்லி டெய்லரிடம் மறுபடி மறுபடி போனேன். அவரே, "என்ன சிஸ்டர், ஆளே பாதியாயிட்டீங்க?" என்றார். காது குளிர்ந்தது.

சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். நடையின் சூடு என்று நினைத்தேன். தொண்டையில் ஒரு கமறல், விடாத இருமல். கிரிவலப் பாதைத் தூசி என்றேன். தூங்கி எழுந்தால் நைட்டி நனைந்திருக்கும். கொழுப்பு கரைகிறது என்றாள் கூட வேலை செய்கிறவள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

இதில் அசிங்கம் என்னவென்றால், அதே வார்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்குப் பேசி விளக்குகிறவள் நான்தான். "பசி எடுக்காதுங்க. எடை கம்மியாயிட்டே வரும். சாயங்காலம் காய்ச்சல் வரும். தூக்கத்துல வேர்க்கும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா உடனே சளி டெஸ்ட் பண்ணணும்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். நடுவில் முகத்தைத் திருப்பி இருமிக்கொள்வேன். இன்சார்ஜ் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். ஒரு வார்டு நிறைய நர்ஸுகள், ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர்கள். அத்தனை பேரும் என் இடுப்பைப் பார்த்தார்களே ஒழிய ஒருத்தர் காதில்கூட என் இருமல் விழவில்லை. என் காதிலும் விழவில்லை.

தேர் என்கிற பெயர் போனது. "எளைச்ச சிஸ்டர்" ஆனேன். இன்சார்ஜ் என் தோளில் கைபோட்டு, "என்னடி சாப்புடற, எனக்கும் சொல்லேன்" என்று கேட்டார். ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "இப்பதான்டி பொண்ணு மாதிரி இருக்கற" என்றாள்.

தீபத்தன்று காலையில் கிளினிக் திறந்தார்கள். நாற்காலி எனக்கு. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் ஒன்று என்று ஆளுயர பேனர் வைத்தார்கள். இடது பக்கம் பழைய நான், வலது பக்கம் புது நான். கன்ன எலும்பு தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு அதை நானே போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். கிளினிக்கில் கூட்டம் அள்ளியது. வருகிறவர்களெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். இனி ஒரு நோயாளியையும் நான் தூக்க வேண்டாம் என்று நினைக்கவே அவ்வளவு சுகமாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் கிளினிக் வாஷ்பேசினில் இருமினேன். ரத்தம் வந்தது.

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வலது நுரையீரல் மேல் பாகத்தில் ஓட்டை. சளி டெஸ்டிலும் டிபி என்றே வந்தது. அவரே எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். எனக்காகத்தான் சாத்துகிறார் என்று நினைத்தேன்.

"யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "டிபி வந்து எளைச்சவள வெச்சு டயட் கிளினிக் நடத்துனான்னு தெரிஞ்சா ஊரே காறித் துப்பும். வீட்ல இருந்து மருந்து சாப்புடு. பரவாதுன்னு ஆனதும் வந்து சேரு. ஆனா ஒண்ணு. மருந்து உள்ள போனா பசி எடுக்கும், உடம்பு போடும். போடாம பாத்துக்கோ. போட்டுச்சுன்னா அந்தச் சீட்டுல வேற ஆளத்தான் உக்கார வெக்கணும். நீ நர்ஸு, உனக்கு நான் சொல்லணுமா?"

இன்சார்ஜிடமிருந்து எதை மறைக்க முடியும்? லீவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு தள்ளி நின்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன்டி. டிபி வந்தாலும் வந்துச்சு, உனக்கு நல்லா செட் ஆயிருக்கு" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நொடி அது பாராட்டாகத்தான் கேட்டது, அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல.

அரசு மையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், சிறுநீர் சிவப்பாகப் போகும். சில வாரங்களில் காய்ச்சல் விட்டது, இருமல் அடங்கியது. போன பசி திரும்பி வந்தது. பழைய பசி இல்லை, பேய்ப் பசி. டிபிக்காரிக்கு அந்தப் பசிதான் பாதி மருந்து. முட்டை, பால், பருப்பு, கடலை என்று அள்ளித் தின்ன வேண்டும். நான் திரும்பவும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு பசியை அடக்கினேன்.

மையத்தில் மாசா மாசம் எடை பார்ப்பார்கள். அங்கே மாத்திரை கொடுக்கிற அம்மா முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னமா இது, ஏறவே இல்ல? மருந்து போட்டும் ஏறலைனா மருந்து கேக்கலையோன்னு நாங்க பயப்படணும். சாப்புடறியா, இல்லியா?" சாப்பிடுகிறேன் என்று பொய் சொன்னேன். அடுத்த மாசமும் அதே எடை, அதே பொய். படி ஏறினால் கண் இருட்டியது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மதியம், எங்கள் நர்சிங் ஸ்கூலில் முதல் வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி கிளினிக்குக்குள் வந்தாள். குண்டுப் பெண். வெள்ளை யூனிஃபார்மின் பக்கத் தையல் பிரிந்து ஊக்கு குத்தியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கொஞ்ச நாளாக வெறும் தண்ணீரும் பிஸ்கட்டும்தானாம், அன்று கிளாஸில் மயங்கி விழுந்தாளாம். அவளை என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

"உங்க பேனர் போட்டோவ ரூம் கதவுல ஒட்டி வெச்சிருக்கேங்க்கா" என்றாள். "எப்டி எளைச்சீங்க? எங்கிட்ட மட்டும் உண்மைய சொல்லுங்க்கா. கூழு குடிச்சு இவ்ளோ எளைக்காது."

கதவைச் சாத்தச் சொன்னேன். வெடித்த அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கூழு இல்ல. அது டிபி" என்றேன். "எனக்கே தெரியாம உள்ள இருந்து தின்னிருக்கு. இப்ப மருந்துல இருக்கேன். நீ போய் ஒழுங்கா சாப்புடு."

அவள் அதிர்ச்சி அடைவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "ட்ரீட்மென்ட் ஆறு மாசம்தானேக்கா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னடி பேசற? பைத்தியமாடி உனக்கு? ரத்தம் கக்கினேன்டி நானு! செத்துடுவ!"

அவள் எழுந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் நடுங்கவில்லை. "நீங்க எளைச்சிட்டீங்க. சொல்லுவீங்க" என்றாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவளைத் துரத்திப் போய் இரண்டு அறை விடலாமா என்று இருந்தது. என்ன சொல்லி அறைவது? அவள் நோயை வாங்கத் தயாராக இருந்தாள். நானோ, வந்த நோயை விட்டுவிட மனசில்லாமல், வெறும் வயிற்றோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளைவிட நான் எந்த விதத்தில் ஒசத்தி?

அன்றே டாக்டர் அறைக்குப் போனேன். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான் வார்டுக்கே போயிடறேன். அந்த பேனர எடுத்துடுங்க."

பேனா நின்றது. முகத்தைப் பார்க்காமல் என் இடுப்பைப் பார்த்தார். "ஏம்மா, ஏறுதா?"

"இல்ல சார்" என்றேன். "ஏறணும்."